கட்டம் போட்ட சட்டை பேசுகிறது

“நீ பார்க்கிறதைச் சொல்லுவியா, நினைக்கிறதைச் சொல்லுவியா?”

பார்வையற்றவர்களுக்கு வீடியோ போனில் கண்ணாக இருக்கும் தொண்டு வேலையில் சேர்ந்த அன்று, பயிற்சி கொடுத்த மேடம் அவளைக் கேட்ட கேள்வி இது. “பார்க்கிறதை மட்டும்” என்று சொல்லித்தான் சேர்ந்தாள். வீட்டில் வாயில்லாப் பூச்சி என்று பெயர் எடுத்தவளுக்கு, நினைப்பதைச் சொல்லாமல் இருப்பது ஒன்றும் புதிதில்லை.

அவள் வேலை பார்க்கும் தையல் கடையில் மதிய இடைவேளை. மாடிப்படியில் உட்கார்ந்து இயர்போனை மாட்டிய மறுநொடியே, வழக்கமாகக் கூப்பிடும், பிசியோதெரபி வேலை செய்யும் பார்வையற்ற அக்காவின் அழைப்பு வந்தது.

“இன்னைக்கு மருந்துச் சீட்டு படிக்கிற வேலை எல்லாம் இல்லடி. மாப்பிள்ளை பார்க்கப் போறோம்.”

“நாமளா?”

“பின்னே, நான் மட்டும் எப்படிப் பார்க்கிறது? போனைக் கழுத்துல மாட்டிக்கிட்டேன். நீ என் காதோட பேசு. நான் போனை ஒரு தட்டு தட்டினா, இன்னும் சொல்லுன்னு அர்த்தம். அவங்க கிளம்புறதுக்குள்ள ஆமாவா இல்லையான்னு சொல்லியாகணும்னு சித்தி ஒத்தக் கால்ல நிக்கிறா. தரகர் சொன்ன இடம், அவளும் இன்னைக்குத்தான் முதல் தடவையா பார்க்கிறா.”

திரையில் கூடம் ஆடி ஆடி வந்து நின்றது.

“சோபாவுல ரெண்டு பேர். இடது பக்கம் கட்டம் போட்ட சட்டை, கால் மேல கால். வலது பக்கம் வெள்ளைச் சட்டை. எப்படா ஓடலாம்னு நுனியில உட்கார்ந்திருக்கார்... இல்லக்கா, அது நான் நினைக்கிறது. நுனியில உட்கார்ந்திருக்கார். அவ்வளவுதான்.”

அக்கா சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

“வணக்கம்! நான்தான் மாப்பிள்ளை,” என்றது கட்டம் போட்ட சட்டை. தேன் குழைத்த குரல். “நூலகத்துக்கு பைண்டிங் பண்றவன். நீங்க எடுத்துட்டுப் போற பிரெய்ல் புத்தகம் எல்லாம் நான் தைச்சதுதான். இவன் என் மச்சான், துணைக்கு வந்திருக்கான். வாயைத் திறந்தா முத்து கொட்டிடும்னு மூடியே வெச்சிருப்பான்.”

சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

அக்கா தண்ணீர்த் தம்ளர்களை நீட்டினாள். வாங்கிய கைகள் திரைக்கு அருகே வந்தன. போனில் ஒரு தட்டு விழுந்தது.

“கட்டம் போட்ட சட்டை கையில மோதிரம். வெட்டின சுத்தமான நகம், விரலெல்லாம் வழவழன்னு இருக்கு. வெள்ளைச் சட்டைக்கு விரல் நுனியெல்லாம் ஊசி குத்தின தழும்பு, புள்ளி புள்ளியா. என் விரல் மாதிரியே.”

நம்மைப் போல் தையல்காரர்தான் போலிருக்கிறது என்று நினைத்தாள். சொல்லவில்லை.

அதன் பிறகு கட்டம் போட்ட சட்டையின் பேச்சில் கூடமே அதிர்ந்தது. பஸ்ஸைத் தவறவிட்ட கதை சொன்னார், தன் முதலாளி தும்முவது போலவே தும்மிக் காட்டினார். அக்காவே இரண்டு முறை வாய்விட்டுச் சிரித்தாள். சித்தியின் முகத்தில் கல்யாணக் களை வந்துவிட்டது.

“அப்ப சரின்னு சொல்லிடலாமாடி?” என்றாள் சித்தி.

“ஒரே ஒரு கேள்வி சித்தி.” அக்கா சோபா பக்கம் திரும்பினாள். “பிரெய்ல் புத்தகத்துக்கு அட்டை ஒட்டினதும் எப்படிங்க காய வைப்பீங்க?”

“அதென்ன பெரிய வித்தையா? பிரஸ்ஸுல வெச்சு, பலகை மாதிரி ஆகிற வரைக்கும் இறுக்கு இறுக்குன்னு இறுக்கிட வேண்டியதுதான்!”

“அக்கா, வெள்ளைச் சட்டை எழுந்துட்டார்! தண்ணி கொட்டிடுச்சு. ரெண்டு கையையும் ஆட்டுறார்.”

அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். “அப்படி இறுக்கினா புள்ளியெல்லாம் அமுங்கிடுமே. அப்புறம் நான் வெறும் காகிதத்தைத்தான் தடவணும்.”



“இ... இறுக்க மா... மாட்டேங்க,” என்றது வெள்ளைச் சட்டை, முதன்முதலாக. “ஒ... ஒரு புத்தகத்தைக்கூட.”

சித்தியின் வாய் திறந்தபடி நின்றது. கட்டம் போட்ட சட்டை காலைக் கீழே இறக்கியது.

“தப்பா எடுத்துக்காதீங்க. மாப்பிள்ளை இவன்தான். கொஞ்சம் திக்கும். கண்ணு தெரியாதவங்க குரலை வெச்சுத்தானே ஆளை எடை போடுவாங்க? அதான் இன்னைக்கு ஒரு நாளைக்கு என் குரலை இரவல் கொடுத்தேன்.”

“கல்யாணத்துக்கு அப்புறம்?”

“தொண்டை கட்டிக்கிச்சுன்னு சொல்லிக்கலாம்னு...”

“எத்தனை வருஷத்துக்கு?”

வெள்ளைச் சட்டை கைக்குட்டையால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தது. அதையும் அவள் அக்காவின் காதில் சொன்னாள்.

“சித்தி, நான் பதில் சொல்ல இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்,” என்றாள் அக்கா. “தரையைத் துடைக்கிறவர் உட்காரட்டும். மெதுவாவே பேசட்டும், எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல.” பிறகு இடது பக்கம் திரும்பினாள். “நீங்க உங்க குரலை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க.”

போனில் ஒரு தட்டு விழுந்தது.

“கட்டம் போட்ட சட்டை எழுந்துட்டார்க்கா. வாயைத் திறக்கிறார்... மூடிட்டார். செருப்பு மாட்டுறார். போயிட்டார்.”