உம்மணாமூஞ்சியின் கழுத்து நட்டு

"மூணு ஊர்ல நடத்தியாச்சு சிட்டிபாபு. பாக்கறாங்க, கை தட்டறாங்க, எழுந்து போயிடறாங்க. ஒருத்தர்கூடத் தன் கதையைச் சொல்ல வாயைத் திறக்க மாட்டேங்கறாங்களே, ஏன்?"

"ஒயரு டைட்டாத்தான் கீது சார்" என்றான் சிட்டிபாபு, பொம்மையின் முதுகுக்குள் கையை விட்டபடி.

"நான் ஒயரைக் கேக்கலப்பா. ஜனங்களைக் கேக்கறேன்" என்றார் தேவானந்தம்.

அஸ்தினாபுரத்தில், குடியிருப்போர் சங்கக் கட்டடத்தின் முன்னால் நாற்காலியில் அமர்ந்திருந்தது அந்த ஆளுயரப் பொம்மை. பெயர் உம்மணாமூஞ்சி. அது போட்டிருந்த கோடுபோட்ட சட்டை, தேவானந்தத்தின் தம்பி ஜெபசீலனுடையது. என்ன கேட்டாலும் ஒரு வருஷம் "ஒண்ணுமில்லண்ணா" என்றே சொல்லிக்கொண்டிருந்தவன், ஒருநாள் இல்லாமலே போனான். அதன்பிறகுதான் அறிவியல் வாத்தியாரான தேவானந்தம் இந்தப் பொம்மையைச் செய்தார். இன்னொரு வீட்டில் இன்னொருவன் அப்படிச் சொல்லிக்கொண்டே இருந்துவிடக் கூடாது.

பொம்மை வேலை செய்யும் விதம் எளிது. தலை, காகிதக் கூழ். நெற்றிக்குள் ஒரு உருண்டைக் களிமண் வைத்திருப்பதால் தானாகவே முன்னால் தொங்கும். பின்மண்டையிலிருந்து ஒரு சைக்கிள் பிரேக் ஒயர், முதுகு மூங்கிலுக்குள் இறங்கி, திரைக்குப் பின்னால் ஒரு கைப்பிடியில் முடியும். கூட்டத்தில் யாராவது ஆறுதலாக நாலு வார்த்தை சொன்னதும் தேவானந்தம் கைப்பிடியை அழுத்துவார். தலை மெல்ல நிமிரும். ஒயரையும் மண்டையையும் கழுத்தில் சேர்த்துப் பிடித்திருப்பது ஒரே ஒரு நட்டு.

தலை நிமிர்ந்ததும், "உங்கள்ல யாருக்காவது இப்படி மனச்சோர்வு இருந்திருக்கா?" என்று கேட்பார். அவ்வளவுதான், கூட்டம் செருப்பைத் தேடும்.

"இன்னிக்கும் யாரும் பேசலன்னா பொம்மை பரணுக்குப் போகுது" என்றார்.

சிட்டிபாபு பொம்மையின் காலரைச் சரிசெய்தான். தாம்பரத்தில் சைக்கிள் கடை வைத்திருப்பவன். குரோம்பேட்டையில் பொம்மை முதல் தடவை உட்கார்ந்தபோது கூட்டத்தின் கடைசியில் நின்றான். மறுநாளே, "ஒயர் வேலைய நான் பாத்துக்கறேன் சார்" என்று வந்துவிட்டான். கருவிகளின் மேல் ஆசை போல என்று தேவானந்தம் நினைத்துக்கொண்டார்.

வெளிச்சம் மங்கியது. நீலப் புடவைத் திரைக்குப் பின்னால் டியூப்லைட்டைப் போட்டதும், பொம்மை குளத்துக்கு அடியில் உட்கார்ந்திருப்பது போலத் தெரிந்தது. மேலே மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானம் ஒன்று சத்தத்தை விட்டுவிட்டுப் போயிற்று.

"இன்னாச்சுபா உனக்கு?" என்று கூட்டத்திலிருந்து ஆரம்பித்தாள் கீரை விற்கும் பச்சையம்மா.

"ஒண்ணுமில்ல" என்றார் திரைக்குப் பின்னாலிருந்து தேவானந்தம்.

"மூஞ்சப் பாத்தா ஒண்ணுமில்லாத மாதிரியா கீது? எல்லாம் சரியாப் பூடும், எந்திரி."

தேவானந்தம் கைப்பிடியை அழுத்தினார். தலை அசையவில்லை. மறுபடி அழுத்தினார். ஒயர் மட்டும் கனவில் இழுப்பது போல எடையில்லாமல் வந்தது.

"மாப்ள முறுக்கு போல!" என்றது ஒரு குரல். சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியது. தலை தொங்கியபடியே இருந்தது.

பச்சையம்மா எழுந்து கிட்டே வந்தாள். "வூட்ல யாருனா திட்டினாங்களா?"

"ஒண்ணுமில்ல." தேவானந்தம் கைப்பிடியை விட்டுவிட்டார்.

அவள் பொம்மையின் காலடியில் உட்கார்ந்தாள். "எனுக்கும் இப்டி இருந்துச்சிபா. சின்னவ பொறந்தப்போ. கொயந்த கத்தும். நான் சொவுத்தப் பாத்துக்கினு குந்தினு இருப்பேன். பேய் புட்சிக்கிச்சின்னு வேப்பலைல அட்ச்சாங்க. பேய் இல்லபா அது. இன்னான்னுதான் எனுக்குச் சொல்லத் தெர்ல."

யாரும் செருப்பைத் தேடவில்லை.

ரயில்வே கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற ஸ்ரீரங்கன் தொண்டையைச் செருமினார். "ரிட்டையர் ஆனதுலேர்ந்து எனக்குக் காலம்பற எழுந்துக்கவே தோணலை. எதுக்குன்னு இருக்கு. ஆத்துல கேட்டா, கேஸ் டிரபிள்னு சொல்லிண்டிருக்கேன்."

"எத்தினி நாளா சாமி?" என்றாள் பச்சையம்மா.

"ஒண்ணரை வருஷமா."

"ஒண்ற வர்சமா கேஸு!"

அவரே முதலில் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்னால் நின்றவர்கள் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடங்கினார். ஒரு மணி நேரம், நீல வெளிச்சத்தில், தலை தொங்கிய பொம்மையிடம் ஊரே தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தது. முடிவில் யாரும் கை தட்டவில்லை. இரண்டிரண்டு பேராகப் பேசிக்கொண்டே போனார்கள்.

தேவானந்தம் தரையில் டார்ச் அடித்துத் தேடினார். "ரிப்பேர் ஆனதும் நல்லதாப் போச்சுப்பா. ஆனா அந்த நட்டு எங்கதான் விழுந்துச்சோ!"

சிட்டிபாபு உள்ளங்கையை விரித்தான். நட்டு அதில் இருந்தது.

"நான்தான் சார் கயட்டினேன். தல நிமிந்தா, அவனுக்குச் சரியாப் பூட்ச்சின்னு ஜனம் எந்திரிச்சிப் பூடுது. நிமிராத வரிக்கும் பேசுது."

"இது உனக்கு எப்படிப்பா தெரிஞ்சுது?"

சிட்டிபாபு பொம்மையைப் பார்த்தபடி சொன்னான்: "மொத நாளு குரோம்பேட்டைல, என் கதையச் சொல்லலாம்னு நான் வாயத் தொறந்தேன் சார். அதுக்குள்ள தல நிமிந்துச்சி. எல்லாரும் கை தட்டிட்டாங்க."

தேவானந்தம் நட்டை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.