தனித் தட்டு

"சிஸ்டர், வீட்ல எனக்குத் தட்டு தனி, டம்ளர் தனி, துண்டுகூடத் தனி!" பெரியவர் பொருமினார். ஊசி ஏற்ற அவர் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்த நர்ஸ் நிமிர்ந்தாள்.

"யாரு அப்படிப் பண்றது?"

"என் மருமகதான். மருந்து வாங்கக் கீழ போயிருக்கா. பேத்தியை மடியில உக்கார விடமாட்டேங்கிறா. பாக்க வந்த என் தம்பியை வாசலோட அனுப்பிட்டா. நான் என்ன தொத்து வியாதிக்காரனா?"

"உங்க தட்டைத் தொட்டா கை கழுவுறாங்களா?"

"கழுவாம? தேய் தேய்னு தேய்க்கிறா. நான்தான் தினம் பாக்குறேனே!"

"தொட்டதுக்கு அப்புறமா, தொடுறதுக்கு முன்னாடியா?"

பெரியவர் யோசித்தார். முதலில் குழாய்ச் சத்தம் கேட்கும். பிறகுதான் தட்டு வரும்.

"முன்னாடி" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"அப்போ அவங்க பயம் உங்க கிருமிக்கு இல்லீங்கய்யா, தன் கையில இருக்கிற கிருமிக்கு. இந்தக் கேன்சர் ஊசி போட்டுக்கிட்டு இருக்கிற வரைக்கும் உங்களுக்கு எதிர்ப்புச் சக்தி கம்மி. எங்களுக்கு ரெண்டு தும்மலோட போற சளி உங்களை ஐசியூவுல படுக்க வெச்சிடும். நான்தான் அவங்ககிட்ட சொல்லி அனுப்பினேன்."

மருமகள் மருந்துப் பையோடு உள்ளே வந்தாள். நேராகக் குழாயடிக்குப் போய்க் கை கழுவிவிட்டு வந்துதான், "ரொம்ப வலிக்குதா மாமா?" என்று அவர் தோளைத் தொட்டாள். சோப்பில் ஊறி ஊறி அவள் விரல்களெல்லாம் தோலுரிந்து வெடித்திருந்தன.

பெரியவர் நர்ஸ் பக்கம் திரும்பினார்.

"சிஸ்டர், இந்தக் கைக்கு ஏதாவது களிம்பு இருந்தா குடுங்களேன்."