காக்கை என்கிற நிருபர்

"அந்தக் காக்கை நீர்தானே? மறைக்காம சொல்லும்!"

குரோசு பத்திரிகையைப் பாயில் ஓங்கி அறைந்தார். நாகானோ பக்கத்தில் அவருடையதுதான் பெரிய அரிசி மது ஆலை. எதிரே மண்டியிட்டு அமர்ந்திருந்த மாவட்டக் கல்வி அதிகாரி ஹயாமி, தேநீரை நிதானமாக உறிஞ்சினார்.

"நான் இல்லீங்க."

"பத்து வருஷம் டோக்கியோல பத்திரிகை நடத்தினவர்தானே நீர்? 'குரோசுவின் கிடங்கில் ஓட்டைப் பீப்பாய்க்கு இடமுண்டு, பெண் பிள்ளைகளுக்கு இடமில்லை'ன்னு காக்கைங்கற புனைபேர்ல எழுதியிருக்கான். ஊரே சிரிக்குது!"

"எழுதினவர் பேரு தெரியும். சொல்ல மாட்டேன். இப்படி ஒரு பேரைச் சொல்லாததுக்குத்தான் எட்டு மாசம் ஜெயில்ல இருந்தேன்."

"உள்ள தள்ளின அதே சர்க்கார்ல இப்ப உத்தியோகம்! வெக்கமா இல்லையா உமக்கு?"

"இல்லீங்க. அன்னிக்கு எதைச் செய்யலைன்னு திட்டினேனோ, அதைத்தான் இன்னிக்கு நானே செய்யறேன்."

குரோசுவின் மருமகள் தோயோ ஓசையில்லாமல் வந்து கோப்பைகளை நிரப்பினாள். ஹயாமி வந்ததே குரோசுவின் கிடங்கைப் பள்ளிக்குக் கேட்கத்தான். மாலைக்குள் கட்டடம் கிடைக்காவிட்டால் பெண்கள் பள்ளிக்கான அனுமதி பக்கத்து ஊருக்குப் போய்விடும்.

"பொண்ணுங்க படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போகுதுங்க?" என்ற குரோசு, கை சும்மா இராமல் பத்திரிகையை மறுபடி எடுத்துப் படித்தார். "படுபாவி! ஆனா எழுத்துன்னா இது எழுத்துய்யா. சரி, கிடங்கைத் தரேன். ஒரு நிபந்தனை. ஒளிஞ்சுக்கிட்டு எழுதற அந்தக் காக்கை, என் கண்ணு முன்னால வந்து நின்னு பாடம் நடத்தணும்."

"யாரா இருந்தாலும் சரியா?"

"பேயா இருந்தாலும் சரி!"

"அப்ப இந்தப் பத்திரத்துல முத்திரை குத்துங்க. நானும் இந்த வேலையை விட்டுட்டுத் தலைமை ஆசிரியரா வந்துடறேன்."

குரோசு கேட்பதற்கு முன்பே சிவப்பு மைப்பெட்டி அவர் முன்னால் வந்துவிட்டது. முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

ஹயாமிக்கு எழுந்து குதிக்கவேண்டும் போலிருந்தது. பத்திரத்தை மடித்து அங்கிக்குள் பத்திரமாகச் செருகிக்கொண்டார்.

"எங்கேய்யா அந்தக் காக்கை? கூட்டிட்டு வாரும்!"

மைப்பெட்டியை மூடி வைத்துவிட்டு, தோயோ நெற்றி பாயில் படும்படி வணங்கினாள்.

"இங்கதான் இருக்கேன், மாமா."