மூன்று எண்ணும் நேரம்

எட்டு மாதமாக அருள்தாஸ் நிலவில் நடக்கப் பழகிக்கொண்டிருந்தான். பயிற்சிக் கூடத்தில் அவன் உடம்பு, சுத்தியல், மண்வாரி எல்லாமே கயிறுகளில் தொங்கும். எதை மேலே எறிந்தாலும் அவசரமில்லாமல் இறங்கும். கையுறையைச் சரிசெய்துவிட்டு, மூன்று எண்ணிப் பிடிக்கலாம். விடுமுறைக்கு வந்தவன் மகளைத் தூக்கிப்போட்டு விளையாடினான். "இன்னும் மேலப்பா!" என்றாள் இரண்டரை வயது இனியா. உயரமாகப் போட்டான். செல்போன் அடித்தது. சாவகாசமாகச் சட்டைப்பைக்குள் கையை விட்டான். ஒன்று, இரண்டு...

"ஐயோ, என்னங்க!" மனைவி ஜெசிந்தா பாய்ந்து விழுந்து, தரைக்கு ஒரு சாண் மேலே பிள்ளையைத் தாங்கிவிட்டாள். அவனை முறைத்துப் பார்த்தாள். இனியாவோ கெக்கலித்துச் சிரித்து, மறுபடியும் அவனைப் பார்த்து இரு கைகளையும் தூக்கினாள். அருள்தாஸ் முதுகுக்குப் பின்னால் ஒரு கையை இன்னொரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டான்.