முதல் ஆல்பம் சரியில்லை

"முதல் ஆல்பம் சரியில்லம்மா. அதை விட்டுட்டு வேற ஏதாவது கேளு."

மைக்கைப் பார்த்து அப்பா இப்படிச் சொன்னதும் மகளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதிவை நிறுத்தினாள்.

வானொலியில் அவள் நடத்துவது ஒரு வாராந்திர நிகழ்ச்சி. ஒரு காலத்தில் உயிராக இருந்த ஆல்பத்தை மறுபடி கேட்டுவிட்டு, இப்போது என்ன தோன்றுகிறது என்று பேச வேண்டும். ஊரையெல்லாம் பேச வைத்தவள், இந்த வாரம் சொந்த வீட்டுக்கே மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

அப்பா ஒரு ராக் பேண்டில் டிரம்ஸ் வாசித்தவர். அதன் முதல் ஆல்பத்தில் மட்டும் அம்மா பாடியிருக்கிறாள். ஆண்கள் எல்லாரும் அடித்தொண்டையில் கத்த, அவர்கள் தலைக்கு மேலே மெல்லிய நூல் மாதிரி அவள் குரல் போகும். மகள் பிறந்ததும் பாட்டை விட்டாள். போன வருஷம் இவர்களையும் விட்டுவிட்டுக் கண்ணை மூடிவிட்டாள்.

அம்மாவின் குரல் என்று மிச்சமிருப்பது அந்த ஆல்பம் ஒன்றுதான். நாளை அது ஒலிபரப்பாகும்போது, கூடவே அப்பா நாலு நல்ல வார்த்தை சொல்வார் என்று நம்பித்தான் வந்திருந்தாள்.

நம்பியதில் தப்பில்லை. முன்பெல்லாம் வீட்டுக்கு வந்தவர் உட்காருவதற்குள் அந்த இசைத்தட்டைப் போட்டுவிடுகிற மனிதர் அவர். அம்மா விலகிய பிறகு வந்த மூன்றாவது ஆல்பத்தை யாராவது போட்டால் எழுந்து போய்விடுவார். இப்போது என்னடாவென்றால் மூன்றாவதைத்தான் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார். அதில் எல்லாம் கச்சிதமாக இருக்கிறதாம். முதல் ஆல்பத்தில் நடுவே ஓட்டை விழுந்த மாதிரி இருக்கிறதாம்.

வயசானால் ருசி மாறும் என்று மகள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். மனசு ஆறவில்லை. ஒரே வருஷத்தில் ஒரு மனிதர் இவ்வளவு மாறுவாரா?

"பிடிக்கலைன்னாலும் பரவாயில்லப்பா. நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. அம்மாவுக்காக ஒரு பொய்யாவது சொல்லுங்க."

"காதுல விழுந்ததைத்தானே சொல்ல முடியும்?" என்றார் அப்பா.

அவள் விடவில்லை. கடைசிப் பாட்டை மட்டும் தன்னோடு சேர்ந்து கேட்கச் சொன்னாள். அப்பாவின் கட்டைக்குரல் அவளுக்கு அப்படியே வந்திருந்தது. அம்மாவின் குரலில் துளிகூட வரவில்லையே என்பது அவளுக்குத் தீராத குறை. அப்பா மழுப்பினார். தண்ணீர் குடித்தார். சாயங்காலம் பார்க்கலாம் என்றார். அவள் பாட்டுக்குத் தட்டைச் சுழலவிட்டாள்.

அப்பா ஸ்பீக்கர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தான் வாசித்த தாளத்தையே முழங்காலில் தட்டினார். கிட்டார் அடங்கியது. டிரம்ஸும் ஓய்ந்தது. எல்லாரும் ஒதுங்கிக்கொள்ள, அம்மா தனியாக மேலே ஏறிப் பாடத் தொடங்கினாள். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்பாவின் விரல் மட்டும் நிற்கவில்லை. தாளமே இல்லாத அந்த இடத்திலும் தட்டிக்கொண்டே இருந்தார். இந்த இடத்தில்கூட இவருக்குத் தன் டிரம்ஸ்தானா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருவழியாக விரல் நின்றது. உடனே கையை நீட்டி ஊசியைத் தூக்கினார்.

"அவ்வளவுதான். எடுத்து வைம்மா."

கடைசி வரி பாதியில் அறுந்து போயிருந்தது.

"அம்மா பாடிக்கிட்டு இருக்கும்போதே நிறுத்திட்டீங்களேப்பா," என்றாள். "அவங்க முடிக்கிற வரைக்கும்கூட உங்களால பொறுக்க முடியலையா? அவ்வளவு வேண்டாதவங்களா ஆயிட்டாங்களா?"

ஊசியைப் பிடித்த கை அப்படியே நிற்க, அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னும் பாடிக்கிட்டா இருந்தா?"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"தாளத்தை எண்ணிட்டுதான் எடுத்தேன். தப்பா எண்ணிட்டேன் போல," என்றார். "காலம் பூரா டிரம்ஸ் பக்கத்துல உட்கார்ந்த காதும்மா. கீழ்க்குரல் எல்லாம் கேக்குது. நீ பேசறது கேக்குது, அவனுங்க கத்துறது கேக்குது. உங்கம்மா குரல் மட்டும் கேக்க மாட்டேங்குது. அவ இல்லாத ஆல்பத்தை எப்படிம்மா நல்லா இருக்குன்னு சொல்றது?"