நானூறு கிலோ

போலீஸ்காரர் காரின் ஆர்.சி. அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"வண்டி எடை, ஆயிரத்து அறுநூத்தி நாப்பது கிலோ."

மெக்கானிக்கான அவன் தலையாட்டினான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சவரி படுத்திருந்தான். மெக்கானிக்கின் மச்சான், மனைவி செசிலியின் தம்பி. ஆறு வருடமாக ஒர்க்‌ஷாப்பில் கூடவே இருப்பவன். வலது கை இப்போது முழங்கையோடு முடிந்துவிட்டது.

பெட்ரோலில் ஓடும் இதே கார் ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம்தான். அதே பெயர், அதே நீளம், அதே கதவு. கரண்டில் ஓடுவதற்கு மட்டும் நானூறு கிலோ கூடுதல். அவ்வளவும் பேட்டரியாகத் தரைக்கடியில் படுத்திருக்கிறது. மூன்று நாட்களுக்கு முன்பு இது அவனுக்குத் தெரியாது. ஆளை எடைபோடுவதுபோல வண்டியையும் கண்ணாலேயே எடைபோட்டுப் பழகியவன்.

அடியில் ஏதோ உரசுகிறது என்று அன்று அந்தக் கார் வந்தது.

ஜாக்கி வைத்துத் தூக்கியதும் வண்டியின் மாற்று டயரான ஸ்டெப்னியைப் படுக்கப்போட்டு அடியில் தள்ளிவிடுவது அவர்கள் வழக்கம். ஜாக்கி கைவிட்டாலும் டயர் தாங்கும். அதன் பிறகுதான் உள்ளே கையை விடுவார்கள்.

"இந்த வண்டிக்கு ஸ்டெப்னி வராதுண்ணே" என்றார் கார்க்காரர். சொல்லிவிட்டு எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனார்.

வாசலில் கிடந்த ஹாலோ பிளாக் சிமெண்ட் கல்லை அவன் காருக்கடியில் தள்ளினான். இந்த அளவு வண்டியை அது எத்தனையோ தடவை தாங்கியிருக்கிறது.

ஜாக்கியை அழுத்தும்போதே கனத்தது. எப்போதும் ஒரு கை போதும். அன்று இரண்டு கையும் வேண்டியிருந்தது.

ஜாக்கியில் எண்ணெய் குறைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

"நம்ம தூக்காத வண்டியாடா? கைய விடு" என்று சொன்னான்.

சவரி தோள்வரை விட்டான்.

ஜாக்கி சாய்ந்தது. கல் ஒரு நொடிகூடத் தாங்கவில்லை.

போலீஸ்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்.

"வெறும் கல்ல முட்டுக் குடுத்துட்டு உள்ள கைய விடச் சொன்னது யாருய்யா?"

அவன் வாயைத் திறந்தான்.

"யாரும் சொல்லல சார்." கட்டிலிலிருந்து சவரி பேசினான். "மாமா ஸ்பேனர் எடுக்கப் போயிருந்தாரு. கல்ல வச்சதும் நான்தான். நானாத்தான் கைய விட்டேன்."

திறந்த வாய் மூடிக்கொண்டது.

செசிலி தம்பியின் தலைமாட்டில் நின்றிருந்தாள். பொங்கிவிட்டாள்.

"அவரு வர்ற வரைக்கும் பொறுக்க முடியலையாடா ஒனக்கு? அந்தக் கைய நம்பித்தானடா ஒன் பொழப்பே!"

"அவசரப்பட்டுட்டேன்க்கா."

சவரி அக்காவைப் பார்த்துத்தான் சொன்னான். அக்கா புருஷன் பக்கம் திரும்பவே இல்லை.

நியாயப்படி அவனுக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். அழுகையாவது வந்திருக்க வேண்டும். மூன்று நாட்களாக எதுவும் வரவில்லை. ஊசி போட்ட ஈறுபோல உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது. நான்தான் சொன்னேன் என்பது இரண்டே வார்த்தை. அது தொண்டைக்கு வருவதும் தெரிந்தது, திரும்பிப் போவதும் தெரிந்தது.

போலீஸ்காரர் காகிதத்தை நீட்டினார். சவரிக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். ஆனாலும் இடது கைப் பெருவிரலை மையில் உருட்டி ஒற்றிக்கொண்டார்.

மாமனையும் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டான்.

"வண்டிமேல தப்பில்ல, ஒன் மேலயும் தப்பில்ல. பையன் நேரம்" என்று சொல்லிவிட்டுப் போலீஸ்காரர் கிளம்பினார்.

செசிலி மூக்கைச் சிந்திக்கொண்டு பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்துக் கணவன் கையில் வைத்தாள்.

"சாப்புடுங்க. இவனையே நெனச்சு மூணு நாளா நீங்களும் பட்டினி கெடக்குறீங்க."

இன்னொரு பொட்டலத்தோடு கட்டிலில் உட்கார்ந்து, இட்லியைப் பிட்டுத் தம்பிக்கு ஊட்டத் தொடங்கினாள்.

அவன் பொட்டலத்தில் நாலு இட்லி இருந்தது.

நாலையும் சாப்பிட்டான்.