மாதிரிக்கு வைத்த கேமரா

"அந்தப் பழைய கேமராவ வித்துட்டீங்களா?"

கடைக்குள் வந்ததும் வராததுமாக நோட்டுக்காரர் கேட்டது இதைத்தான். வழக்கமான சிரிப்பு இல்லை. கையில் நோட்டும் இல்லை.

"எந்தப் பழையது, சார்?" என்றாள் வாயாடி. வீடியோ கேமரா பிரிவில் நாலு வருஷமாக விற்பனைக்கு நிற்பவள். பெயர் முதலாளி வைத்தது. அந்த வாயால்தான் சரக்கு நகர்ந்தது என்பதால் அவளுக்கும் அதில் வருத்தமில்லை.

"இங்க சங்கிலி போட்டு வச்சிருப்பீங்களே... வர்றவங்க எல்லாம் எடுத்துப் பார்ப்பாங்களே, அது."

"ஓ, மாதிரிக்கு வச்சிருந்ததா? புது மாடல் வந்ததும் உள்ள தூக்கிப் போட்டாச்சு சார். நாளைக்குப் பழைய சாமானோட போகுது."

நோட்டுக்காரர் கவுண்டரைப் பிடித்துக்கொண்டார். "போகல இல்ல? இன்னும் இருக்கில்ல? அதைக் குடுத்துடும்மா."

வாயாடிக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த மனிதரா பழசைக் கேட்கிறார்? போன வருஷம் முழுக்க மாதம் தவறாமல் மனைவி, நாலு வயது மகளோடு வந்து கடையையே புரட்டிப் போட்டவர். எதில் பேட்டரி நிற்கும், மங்கிய வெளிச்சத்தில் எதில் முகம் தெரியும், கை நடுங்கினால் எதில் படம் ஆடாது என்று ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதுவார். எடுத்ததை வெட்டி ஒட்ட எந்த சாஃப்ட்வேர் தேவலை என்பதற்குத் தனியாக மூன்று பக்கம். கடைசியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நொட்டை சொல்லிவிட்டு, "அடுத்த மாசம் இதைவிட நல்லதா வருமாமே" என்று நடையைக் கட்டுவார்.

பொறுக்க முடியாமல் ஒரு தடவை அவள் சொல்லியே விட்டாள். "கடல் வத்தினா கருவாடு தின்னலாம்னு உடல் வத்திச் செத்துச்சாம் கொக்கு!" அப்பாவும் அம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பாவின் கையிலிருந்த கேமராவுக்கு முன்னால் துள்ளிக்கொண்டிருந்த மகள் மட்டும், "பாவம் கொக்கு" என்று உதட்டைப் பிதுக்கினாள்.

அதற்கப்புறம் ஆறு மாதமாக ஆளையே காணோம். இப்போது முகத்தில் ஒரு வாரத் தாடி. மனைவி உள்ளே வராமல் வாசல் படியில் தெருவைப் பார்த்து நின்றாள்.

"பாப்பா வரலையா சார்?"

"வரல."

மேற்கொண்டு பேச இடம் கொடுக்காத 'வரல'. பள்ளிக்கூடத்தில் இருப்பாள் என்று வாயாடி நினைத்துக்கொண்டாள்.

"சார், அது ஊரே திருகி விளையாடின ஓட்டை உடைசல். உங்க நோட்டுப்படி பார்த்தா ஒண்ணுலயும் தேறாது. இந்தப் புதுசைப் பாருங்க, கைக்கு அடக்கமா—"

"அதுதான் வேணும்மா." புதியதன் பக்கம் அவர் கண்ணே போகவில்லை. "அப்புறம், வெட்டி ஒட்டுற சாஃப்ட்வேர் ஒண்ணு. சின்னத் துண்டு ஒண்ணு இருந்தா, அதை நிறுத்தாம திரும்பத் திரும்ப ஓட விட முடியுமா?"

"தாராளமா."

"பின்னாடி கேக்குற இரைச்சலை எடுத்துட்டு, பேசுற குரலை மட்டும் தெளிவாக் கேக்க முடியுமா?"

"முடியும் சார். ஆனா முதல்ல படத்தை எடுங்க! குழந்தை பொறக்குறதுக்கு முன்னாடியே பேர் வைக்கிறீங்களே."

அவர் சிரிக்கவில்லை. காலியாகக் கிடந்த சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வாயாடிக்கு மனசு கேட்கவில்லை. வேலை கீலை போயிருக்கும், கை வறண்டிருக்கும். அதுதான் மனிதர் பழசில் வந்து நிற்கிறார் என்று அவளாகவே முடிவு கட்டினாள். பழசானாலும் ஆசைப்பட்டு வாங்குகிறவர் கையில் ஒழுங்காகக் கொடுக்க வேண்டாமா? உள்ளே போய்ப் பத்து நிமிஷம் மெனக்கெட்டாள். லென்ஸைத் துடைத்தாள், வாரை மாற்றினாள், நல்ல பேட்டரி ஒன்றைத் தேடிப் போட்டாள்.

பெட்டியை நீட்டியதும் அவர் பிடுங்காத குறையாக வாங்கி, அங்கேயே பிரித்தார். திரையைத் திறந்து ஒரு பொத்தானை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். மறுபடியும்.

வாசலில் நின்ற மனைவி எப்போது உள்ளே வந்தாள் என்று தெரியவில்லை. கணவனின் தோளைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க... வருதா?"

"இதுல ஒண்ணுமே இல்லையே" என்றார் அவர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"ஏன் இல்லாம? இருந்துச்சு சார், ஐந்நூறு துண்டு!" என்றாள் வாயாடி பெருமையாக. "கண்டவங்க மூக்கும் மோவாயும் உங்க வீட்டுக்கு எதுக்கு? திரும்ப வரவே வராத மாதிரி மூணு தரம் அழிச்சுட்டேன். இப்பப் பாருங்க, பளிச்சுனு புதுசு மாதிரி."

மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாயாடி பதறிப்போய், "அக்கா, என்னாச்சுக்கா?" என்று குனிந்தாள்.

"நீ கொக்கு கதை சொன்ன அன்னைக்கு அவளை இதுலதான் பிடிச்சேன். பாப்பா போய் மூணு மாசம் ஆச்சும்மா" என்றார் நோட்டுக்காரர், வெறும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. "நல்ல கேமராவாப் பார்த்து வாங்கி எடுக்கலாம்னு, வேற எதுலயுமே நாங்க அவளை எடுக்கல."